ஈரல் வெளுத்துச் சாகும் பிராய்லர்: ஐ.பி.எச். நோயை உறுதி செய்வது எப்படி?

நேற்று மாலை வரை தீவனக் குடுவையை மொய்த்துக்கொண்டிருந்த 25 நாள் கோழிகளில் இன்று காலை இருபது செத்துக் கிடக்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி, வெளிறி, மேலெல்லாம் ரத்தப் புள்ளி. சூப்பர்வைசர் கம்போரோ, அதாவது பர்சா என்ற எதிர்ப்புச் சக்தி உறுப்பைத் தாக்கும் வைரஸ் நோய் என்கிறார். மருந்துக் கடைக்காரர் தீவனத்தில் பூஞ்சை என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் லீச்சி நோய் என்கிறார். மூன்றுமே இருக்கக்கூடியவைதான். எது என்று தெரியாமல் மூன்றுக்கும் மருந்து வாங்கி ஊற்றுவதில்தான் பணம் கரைகிறது.

கடலூர், புதுச்சேரி பக்கம் புதிதாகக் கறிக்கோழி வளர்க்க வந்தவர்களுக்கானது இந்த வழிகாட்டி. பேசப்போகும் நோய் இன்க்ளூஷன் பாடி ஹெப்படைடிஸ். பண்ணை வழக்கில் ஐ.பி.எச். என்பார்கள். கோழி அடினோவைரஸ் ஈரலைத் தாக்குவதால் வருவது. இந்த வைரஸில் 12 வகைகள் உண்டு. 2, 8, 11 போன்ற வகைகள் பெரும்பாலும் ஈரலோடு நிற்கும். நான்காம் வகை இதயப் பையிலும் நீர் கோக்கவைக்கும். தோலுரித்த லீச்சிப் பழம்போல் இதயம் தெரிவதால் அதற்கு லீச்சி நோய் என்று பெயர்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த நோயில் சாவு மூன்று நான்கு நாள் ஏறும், ஐந்தாம் ஆறாம் நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும். தெளிவான தடயம் ஏறுமுகத்தில் சாகும் கோழிகளில்தான் கிடைக்கும். "காரணம் தெரியவில்லை" என்று வரும் அறிக்கைகளில் பல, ஆறாம் நாள் எடுத்த மாதிரிக்கோ அழுகிப் போன மாதிரிக்கோ வந்தவை.

1. சாவுக் கணக்கைப் பாருங்கள்

5,000 கோழி உள்ள செட்டில் (கொட்டகையில்) முதல் வாரம் தாண்டிய பிறகு நாளுக்கு மூன்று முதல் ஐந்து வரை சாவது வழக்கம். ஒரே நாளில் 25-ஐத் தொட்டால், அதாவது 0.5 சதவீதம், அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் இரண்டு நாள் தொடர்ந்து இரட்டிப்பானால் காத்திருக்க வேண்டாம்.

காலை ஒரு முறை எண்ணுவது போதாது. காலை, மதியம், இரவு என்று மூன்று முறை எண்ணித் தனித்தனியாக எழுதுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே மொத்தமாகச் செத்து, இரவில் நின்றுவிட்டால் வெப்ப அதிர்ச்சி என்று சந்தேகிக்கலாம். ஐ.பி.எச். இரவு பகல் பார்க்காது.

மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை இந்த நோய் அதிகம் வரும் காலம். ஒரு வாரக் குஞ்சிலும் வரலாம். அப்படி வந்தால் வைரஸ் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நோயுற்ற கோழி சிறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தி உட்காரும். இரண்டு நாளுக்குள் சாகும் அல்லது தேறும். நல்ல சதைப்பிடிப்புள்ள கோழி, தீனிப்பையில் தீவனத்தோடு செத்துக் கிடப்பதும் சாதாரணம். மெலிந்த கோழி மட்டும் சாகிறது என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

2. கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்வி

கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா, கால் செதிலில் ரத்தக்கசிவு தெரிகிறதா, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் போகிறதா? ஆம் என்றால் அறுக்காதீர்கள், எங்கும் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தை அரசு கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்வது கடமை. விலங்கு நோய்த் தடுப்புச் சட்டம் 2009 அதைக் கட்டாயமாக்குகிறது. அந்த மாதிரியை எடுப்பதும் அனுப்புவதும் துறையின் வேலை.

ஐ.பி.எச். மனிதருக்குத் தொற்றாது. இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் செத்த கோழியைத் தொடும் பழக்கம் வேண்டாம்.

3. எந்தக் கோழியைத் தேர்ந்தெடுப்பது

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். காலையில் பொறுக்கிய குவியலிலிருந்து நாலைந்தைக் கோணியில் போட்டு அனுப்புவார்கள். அதில் பாதி முந்தின இரவே செத்தது. நம் கடலோரப் புழுக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே ஈரல் இளகத் தொடங்கும். பித்தப்பை ஒட்டிய இடம் பச்சையாகும். அந்தப் பச்சை அழுகலின் நிறம், நோயின் நிறம் இல்லை. புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் முதலில் மிரளுவார்கள்.

சரியான தேர்வு: குந்தி உட்கார்ந்திருக்கும் நோயுற்ற கோழி நான்கு, உயிரோடு. கண்ணெதிரே செத்தது அல்லது செத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளது நான்கு. செட்டின் ஒரே மூலையிலிருந்து எடுக்காமல் வெவ்வேறு இடங்களிலிருந்து பொறுக்குங்கள். கூடவே, நன்றாக இருக்கும் கோழி ஒன்றும் வேண்டும். அதன் ஈரலும் பர்சாவும் பக்கத்தில் இருந்தால்தான் எது வீக்கம், எது வெளிறல் என்று கண்ணுக்குப் பிடிபடும்.

4. அறுத்துப் பார்க்கும் வரிசை

மருத்துவர் அறுப்பதே நல்லது. அவர் வர மறுநாள் ஆகும் என்றால் நீங்களே பாருங்கள், ஆனால் வரிசை தப்பாமல். செட்டிலிருந்து தள்ளி, காற்று செட்டின் பக்கம் போகாத இடத்தில், பாலித்தீன் தாள் விரித்துச் செய்யுங்கள்.

சிறகைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மல்லாக்கக் கிடத்தி, தொடைகளை விலக்கி மூட்டுகளை நழுவவிடுங்கள். மார்பெலும்பின் கீழே தோலை வெட்டி, இரு பக்க விலா எலும்பையும் வெட்டி மார்பைத் தூக்குங்கள். குடலை இப்போது தொடாதீர்கள். குடல் கிழிந்தால் அதன் கிருமி எல்லா உறுப்பிலும் படியும். பிறகு எந்த ஆய்வகத்தாலும் சுத்தமான முடிவு தர முடியாது.

முதலில் இதயப் பை. அதில் இயல்பாக இருப்பது ஒரு சொட்டு ஈரம்தான். வைக்கோல் நிறத் தெளிந்த நீர் நிரம்பியிருந்தால் ஊசியால் உறிஞ்சி எத்தனை மி.லி. என்று எழுதுங்கள். 10 மி.லி. வரைகூட வரும். நீர் வயிற்றில் மட்டும் இருந்து, இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருந்தால் அது அசைட்டிஸ் என்ற வயிற்றில் நீர் கோக்கும் கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம்.

அடுத்து ஈரல். ஓரம் கத்திபோல் கூராக இருக்க வேண்டும். மழுங்கி உருண்டிருந்தால் வீக்கம். நிறம் வெளிறிய மஞ்சளா, அதன் மேல் குண்டூசித் தலை அளவு ரத்தப் புள்ளியா, திட்டுத் திட்டான கசிவா என்று பாருங்கள். விரலால் லேசாக அழுத்தினால் உதிர்கிறதா என்றும் பாருங்கள். இந்த நான்கும் சேர்ந்திருந்தால் ஐ.பி.எச். சந்தேகம் வலுக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் வலுவில்லை.

கிட்னி வீங்கி வெளிறியிருக்கிறதா, மண்ணீரல், கணையம் எப்படி இருக்கின்றன என்று ஒரு பார்வை. பிறகு பர்சா, கழிவாயின் மேல் பக்கம் இருக்கும் சிறு உருண்டை. இதை விட்டுவிட்டு ஈரலை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். கடைசியாகத் தொடை எலும்பை நீளவாக்கில் பிளந்து மஜ்ஜையைப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது வெளிர் மஞ்சளாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு உறுப்பையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் படம் எடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நல்ல ஈரல்கூட வெளிறித் தெரியும்.

5. ஏமாற்றும் ஒத்த நோய்கள்

பெரிய ஏமாற்று கம்போரோவிடமிருந்து. சாவு ஏறி இறங்கும் விதமும் அதேதான், வயதும் அதேதான். வித்தியாசம் பர்சாவில்: கம்போரோவின் தொடக்கத்தில் பர்சா பெருத்து, மேலே மஞ்சள் ஜெல்லி படிந்து அல்லது உள்ளே ரத்தம் கசிந்திருக்கும், தொடைச் சதையில் கோடு கோடாக ரத்தக்கசிவு இருக்கும். பர்சா சுருங்கிச் சிறுத்திருந்தால் வேறு கதை. கோழியின் எதிர்ப்புச் சக்தி முன்பே அடிவாங்கியிருக்கிறது, அந்த ஓட்டையில் அடினோவைரஸ் புகுந்திருக்கலாம். கோழிகளின் தொற்று ரத்தசோகை வைரஸும் இதே வேலையைச் செய்யும். மஜ்ஜையைப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

பூஞ்சை நஞ்சில் ஈரல் மஞ்சளாகும். ஆனால் சாவு மெதுவாக, இழுபறியாகப் போகும். கோழி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வளரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஈரம் வாங்கிய மக்காச்சோளம் தீவனத்தில் சேர்ந்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகவே வரலாம், நஞ்சும் எதிர்ப்புச் சக்தியைக் கெடுப்பதால். அதனால் தீவனச் சோதனையை "இது வைரஸ்தானே" என்று தள்ளிவிடாதீர்கள்.

ஈ.கோலை பாக்டீரியா தொற்றில் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் உரிக்க வருகிற மஞ்சள் வெள்ளைச் சவ்வு படியும். வெள்ளைக்கழிச்சலில் ஈரலைவிட முன்னிரைப்பையின் உட்சுவரில்தான் ரத்தப் புள்ளி தெரியும். வெப்பத்தில் செத்த கோழியின் மார்புச் சதை அரைவேக்காடு போல் வெளுத்திருக்கும்.

6. மாதிரி எடுத்தல்

மூன்று விதமான மாதிரி, மூன்று விதமான பாதுகாப்பு. ஒன்றின் முறையை இன்னொன்றில் கலந்தால் அந்த மாதிரி வீண்.

திசு ஆய்வுக்கு: ஈரல், கிட்னி, மண்ணீரல், பர்சா, கணையம் ஆகியவற்றில் 1 செ.மீ. சதுரமும் அரை செ.மீ. கனமும் உள்ள துண்டுகள். 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. திசுவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். முழு ஈரலையும் அப்படியே முக்கினால் வெளிப்புறம் மட்டும் பதப்பட்டு உள்ளே அழுகும். வாயகன்ற பாட்டில் எடுங்கள். குறுகிய வாயுள்ள பாட்டிலில் போட்ட துண்டு விறைத்தபின் வெளியே வராது. இந்தப் பாட்டிலை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் செல்கள் உடைந்துவிடும்.

வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு: குடலைத் தொடுமுன், சுத்தமான புது பிளேடால் ஈரலில் நெல்லிக்காய் அளவுத் துண்டு. ஒரு கோழிக்கு ஒரு பை, மேலே எண். ஃபார்மலின் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். அதற்குமேல் ஆகும் என்றால் மட்டும் ஃப்ரீசர்.

பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு: இன்னொரு ஈரல் துண்டு, தனிப் பையில், ஐஸில். தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுத்த பிறகு எடுத்தால் கிருமி வளராது. "எதற்கும் இருக்கட்டும்" என்று முதல் நாளே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வைரஸை ஒன்றும் செய்யாது, சோதனையை மட்டும் கெடுக்கும்.

இவற்றோடு தீவனம் ஒரு கிலோ. ஒரே மூட்டையில் அள்ளாமல் பத்து மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, காகிதப் பையில் போடுங்கள். பாலித்தீனில் வியர்த்து, போகும் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும்.

ரத்தம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். எதிர்ப்புப் பொருள் சோதனைக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிட வேண்டும். 40 நாளில் வண்டியேறும் கோழியில் அதற்கு நேரமில்லை. ஒரே முறை எடுத்த ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது எதையும் நிரூபிக்காது; நலமான மந்தைகளிலும் அது இருக்கும்.

7. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஒப்பந்தப் பண்ணையாளர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. வளர்ப்புக் கூலிக் கணக்கில் சாவு மட்டும் உங்கள் தலையில் விழும். பேசுவதற்குத் தாள் வேண்டும்.

குஞ்சு இறக்கியபோது வந்த சலான், அதில் பொரிப்பகம், பொரித்த தேதி, எண்ணிக்கை. தினசரிச் சாவுப் பதிவேடு. தடுப்பூசி போட்ட தேதி, தொகுதி எண். தீவன மூட்டையின் லேபிள். கொடுத்த மருந்துகளின் பெயரும் நாளும். இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் சுருக்கி ஆய்வகத்துக்கான கடிதமாக எழுதுங்கள்: ஊர், வட்டம், மொத்தக் கோழி, வயது நாளில், நாள்வாரிச் சாவு, அறிகுறி, அறுத்தபோது கண்டது.

கடைசி வரியில் என்ன சோதனை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்: திசு ஆய்வு, ஈரலில் அடினோவைரஸ் பி.சி.ஆர்., கம்போரோ பி.சி.ஆர்., தொற்று ரத்தசோகை வைரஸ் பி.சி.ஆர்., பாக்டீரியா வளர்ப்பு, தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. இந்த வரி இல்லாவிட்டால் அறுத்துப் பார்த்து, பாக்டீரியா வளர்த்து, அதோடு முடித்துவிட வாய்ப்புண்டு.

காப்பீடு இருந்தால் முதல் நாளே தகவல் கொடுங்கள். புதைத்த பிறகு சொன்னால் எதை வைத்து நம்புவார்கள்? சான்று தேவை என்றால் பண்ணை இருக்கும் பகுதியின் அரசு கால்நடை மருத்துவரிடமே பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். பாகூர் பக்கம் ஒரு வரப்பைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடும், யார் கையெழுத்து என்பது பிறகு தகராறாகக் கூடாது.

8. எங்கே, எந்த நாளில்

புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் பக்கம். கடலூர் மாவட்டத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவில் தொடங்குங்கள். வேப்பூர், விருத்தாசலம், திட்டக்குடிக்காரர்களுக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைவாசல் கோழி நோய் ஆய்வகம் சென்னையைவிடக் கிட்டம். வைரஸ் சோதனை வரை போக வேண்டும் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, அல்லது சென்னை மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடை நல ஆய்வு மையம்.

எங்கே போனாலும் கிளம்புமுன் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். அடினோவைரஸ் பி.சி.ஆர். இப்போது அங்கே நடக்கிறதா? எத்தனை மணி வரை மாதிரி வாங்குவார்கள்? வெள்ளி மதியம் பேருந்தில் போட்ட பெட்டி திங்கள் வரை யாரும் பிரிக்காமல் கிடக்கும். வெள்ளியன்றுதான் சாவு தொடங்கியது என்றால் மாதிரியை முறைப்படி எடுத்து, ஃபார்மலின் பாட்டிலை வெளியிலும் பி.சி.ஆர். பையை ஃப்ரீசரிலும் வைத்துவிட்டு, திங்கள் விடியற்காலையில் கிளம்புங்கள். அதற்காக மாதிரி எடுப்பதைத் திங்களுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

தெர்மாகோல் பெட்டியில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள் நான்கைந்து, நடுவே இரட்டைப் பையில் மாதிரிகள். ஐஸ்கட்டியை அப்படியே கொட்டினால் உருகிய தண்ணீரில் எண்கள் அழியும். ஃபார்மலின் பாட்டில் வேறு பெட்டியில். உயிருள்ள நோய்க்கோழியைக் கொண்டுபோனால் திரும்பும் வழியில் இன்னொரு பண்ணையில் நிற்காதீர்கள். கூண்டையும் வண்டியையும் கழுவிய பிறகே செட்டுக்குள் நுழையுங்கள்.

9. செலவும் நாளும்

அறுத்துப் பார்த்த முடிவு அன்றைக்கே தெரியும். பி.சி.ஆர். இரண்டு மூன்று நாள். பாக்டீரியா வளர்ப்பும், அது எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனையும் மூன்று நாள். திசு ஆய்வுக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வைரஸை வளர்த்துப் பிரித்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும், பண்ணையாளருக்கு அது தேவையில்லை.

கட்டணம் சோதனைக்கு ஒன்று, மாதிரிக்கு ஒன்று என்று ஏறும். நான்கு கோழியின் ஈரலைத் தனித்தனியே சோதித்தால் நான்கு கட்டணம். நான்கு பைகளையும் கொடுத்து "நான்கையும் சேர்த்து ஒரே சாம்பிளாகச் சோதியுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றோடு முடியும். சேர்ப்பதை நீங்களே வீட்டில் செய்யாதீர்கள். பணம் இரண்டு சோதனைக்குத்தான் இருக்கிறது என்றால் திசு ஆய்வும் ஈரல் பி.சி.ஆரும். மூன்றாவது ஒன்றுக்கு இடமிருந்தால் தீவன நஞ்சு.

10. அறிக்கையை வாசிப்பது

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று வந்த உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நலமான கோழியின் குடலிலும் எச்சத்திலும் இந்த வைரஸ் இருக்கும். அதனால் கழிவாயில் துடைத்தெடுத்த மாதிரியில் பாசிட்டிவ் வருவதற்குப் பெரிய பொருளில்லை. ஈரலில் பாசிட்டிவ், திசு ஆய்வில் ஈரல் செல்லின் உட்கருவுக்குள் "இன்ட்ராநியூக்ளியர் இன்க்ளூஷன் பாடீஸ்" (வைரஸ் பெருகியதால் உட்கருவில் தெரியும் திட்டுகள்) என்ற வரி, உங்கள் பதிவேட்டில் ஏறி இறங்கிய சாவு. மூன்றும் ஒத்துப்போனால் ஐ.பி.எச். உறுதி.

பி.சி.ஆர். பாசிட்டிவ், திசுவில் இன்க்ளூஷன் இல்லை என்றால்? மாதிரி எடுத்த நாளைப் பாருங்கள். ஆறாம் நாளுக்குப் பிறகு என்றால் இன்க்ளூஷன் மறைந்திருக்கலாம். இரண்டாம் நாளிலேயே எடுத்தது என்றால் சாவுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தீவன அறிக்கையில் அஃப்ளாடாக்சின் பி1 அளவு 20 பி.பி.பி.க்கு (நூறு கோடியில் 20 பங்குக்கு) மேல் இருந்தால் அதைத் தனிக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

11. அறிக்கை வரும்வரை செட்டில்

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஈரல் டானிக்கும் எலக்ட்ரோலைட்டும் தாங்குதலுக்கு மட்டும். பிடித்து எடை பார்ப்பது, செட் மாற்றுவது, அந்த வாரத்தில் வேறு தடுப்பூசி போடுவது போன்ற தொந்தரவுகளைத் தள்ளிவையுங்கள். செத்ததை மூன்று வேளையும் பொறுக்கி ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஓடையிலோ நாய்க்கோ போட்டால் ஊருக்கே பரப்பிவிட்டதாகும். செத்த கோழியைக் கறிக்கு விற்பது எந்த நோயிலும் கூடாது.

உறுதியானதும் அறிக்கையின் நகலைப் பொரிப்பகத்துக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். அதே தேதியில் பொரித்த குஞ்சு வேறு யாருக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியும். தடுப்பூசி போட வேண்டியது முக்கியமாகத் தாய்க்கோழிக்குத்தான். செத்துக்கொண்டிருக்கும் பேட்சுக்கு ஊசி போட்டுப் பலனில்லை.

கோழி போன பிறகு கூளத்தை முழுக்க அள்ளி, சோப்புத் தண்ணீரால் எச்சம் போகக் கழுவிக் காயவிட்ட பின்தான் கிருமிநாசினி. அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் வழக்கமாக வாங்கும் குவாட்டர்னரி அமோனியம் வகை மட்டும் போதாது. குளூட்டரால்டிஹைடு, ஃபார்மலின், அயோடோஃபோர், பிளீச்சிங் பவுடர் வகைகளில் ஒன்றை எடுங்கள். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் லைனையும் மறக்காமல் அலசுங்கள். அடுத்த குஞ்சு இறங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் செட் காலியாக இருக்கட்டும். கம்பெனி வண்டி பத்தாம் நாளே வருகிறேன் என்றால் கையில் இருக்கும் அறிக்கையைக் காட்டித் தேதியைத் தள்ளிக் கேளுங்கள்.